காய்ந்த மாடு: கேள்வி - பதில்

சென்ற இதழில் போகிறபோக்கில் பீஃப் ஜெர்க்கியைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி அமெரிக்காவிலிருந்து. மீதி, அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலிருந்து. கேட்டவர்கள் பெயரைப் போடவில்லை. இதில் சிலருக்கு மாமனார் வீட்டிலும் இந்த இதழ் வாங்குகிறார்களாம்.

கே: ஜெர்க்கி, ஜெர்க்கி என்று மகன் போனில் அளக்கிறான். நம்ம உப்புக்கண்டம்தானே அது? அதற்கு ஏன் இத்தனை அலட்டல்? (காரைக்குடியிலிருந்து ஒரு தாயார்)

ப: பங்காளிகள்தாம், அம்மா. சதையைக் கீறி, உப்புப் போட்டு, ஈரத்தை விரட்டிக் கெடாமல் வைக்கும் யோசனை இரண்டிலும் ஒன்றே. முடிவுதான் வேறு. உங்கள் உப்புக்கண்டம் கொடியிலிருந்து இறங்கி நேரே வாய்க்குப் போவதில்லை. எண்ணெயில் பொரிகிறது, அல்லது குழம்பில் கொதிக்கிறது. மொட்டை மாடியில் ஈ உட்கார்ந்ததோ காக்கை கொத்திப் பார்த்ததோ, அந்தக் கணக்கையெல்லாம் வாணலி தீர்த்துவிடுகிறது. ஜெர்க்கிக்கு வாணலி கிடையாது. பொட்டலத்தைப் பிரித்தால் அடுத்தது பல்தான். ஆகவே அடுப்பு வேலையை வேறு எங்காவது ஓர் இடத்தில் முடித்தாக வேண்டும். மகனுடைய அலட்டலில் பாதி அதற்காக என்றால் மன்னித்துவிடுங்கள். மீதிப் பாதிக்கு நான் பொறுப்பில்லை.

கே: எந்தக் கறியை வாங்குவது? கடையில் இருப்பதிலேயே விலை கூடிய ரிப்-ஐ வாங்கலாமென்று இருக்கிறேன். (நியூஜெர்சி)

ப: ஸ்டேக்குக்கு எதையெல்லாம் புகழ்வார்களோ, அதெல்லாம் இங்கே குற்றம். ரிப்-ஐயின் பெருமை சதைக்குள் ஓடும் கொழுப்பு. கொழுப்பு காயாது, காறும். மூன்றாம் வாரம் டப்பாவைத் திறந்தால் பழைய எண்ணெய் வாடை வரும். பின்தொடைக் கறி வாங்குங்கள். ஐ ஆஃப் ரவுண்ட், டாப் ரவுண்ட் என்று எழுதியிருக்கும். ஃப்ளாங்க் துண்டும் நல்லது. கண்ணுக்குத் தெரியும் கொழுப்பையும் சவ்வையும் சீவி எறியுங்கள். பிறகு ஃப்ரீசரில் வைத்துப் பாதி இறுகியதும் எடுத்து அறுங்கள். கத்தி வழுக்காது, ஒரே தடிமனில் வரும். கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். நார் ஓடும் திசையிலேயே அறுத்தால் வெகுநேரம் மெல்லலாம். குறுக்கே அறுத்தால் சீக்கிரம் பிய்யும். பல் உங்களுடையது, முடிவும் உங்களுடையது.

கே: முதல் முறை செய்கிறேன். பெரிய பேச்சு வேண்டாம், அளவு மட்டும் சொல்லுங்கள். (டல்லஸ், புது மாப்பிள்ளை)

ப: சீவிய கறி சுமார் 900 கிராம். சோயா சாஸ் கால் கப், வூஸ்டர்ஷைர் சாஸ் ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூளும் பூண்டுப்பொடியும் தலா கால் தேக்கரண்டி, வெங்காயப்பொடி அரைத் தேக்கரண்டி, ஹிக்கரி புகைவாசம் ஏற்றிய உப்பு ஒரு தேக்கரண்டி. அமெரிக்க வீடுகளில் காலங்காலமாகப் புழங்கும் கணக்கு இது. ஜெர்க்கி என்றதும் அந்த ஊர்க்காரர் நாக்கு நினைக்கும் ருசியும் இதுதான். கலந்து மூடி ஓர் இரவு ஃப்ரிட்ஜில் ஊறட்டும். மேடையில் வைத்து ஊறவைக்காதீர்கள். அறைச் சூட்டில் கறிக்குள் உப்பு மட்டும் இறங்குவதில்லை, கிருமிகளும் குடும்பம் பெருக்கும். அடுத்த பதிலையும் படித்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள், மாப்பிள்ளை. பெரிய பேச்சு அதில்தான் இருக்கிறது.

கே: கறியை உலர்த்தும் டீஹைட்ரேட்டரே மணிக்கணக்கில் சூட்டில் வைக்கிறது. அதற்கு முன்னால் கறியைத் தனியாக வேறு சூடாக்கு என்கிறார்கள். ஒரே கறியை இரண்டு தடவை கொல்வானேன்? (சான் ஹோசே, மென்பொருள்)

ப: மாடு ஒரு தடவைதான் செத்தது. சாகாமல் இருப்பது சால்மோனெல்லாவும் ஈ.கோலையும். டீஹைட்ரேட்டர் 60 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது என்றால் அது காற்றின் சூடு, கறியின் சூடு அல்ல. ஈரம் ஆவியாகும் வரை கறி குளிர்ந்தே இருக்கும், மண்பானைத் தண்ணீர் சித்திரை வெயிலிலும் குளிர்ந்திருப்பதைப் போல. ஈரமெல்லாம் போய்க் கறி ஒருவழியாகச் சூடேறும்போது கிருமியும் காய்ந்து கெட்டிப்பட்டிருக்கும். காய்ந்த கிருமிக்குச் சூட்டைத் தாங்கும் சக்தி அதிகம். அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை காயவைப்பதற்கு முன்பே கறியை 71 டிகிரிக்கு, அவர்கள் கணக்கில் 160 ஃபாரன்ஹீட்டுக்கு, கொண்டுவரச் சொல்கிறது. கோழி, வான்கோழி என்றால் 74.

வழி இரண்டு. ஊறிய துண்டுகளை அந்தச் சாற்றோடு சேர்த்தே கொதிக்கவிட்டு, வடித்து, உடனே தட்டில் பரப்புவது ஒன்று. இத்தனை மெல்லிய துண்டில் தெர்மாமீட்டரை எங்கே குத்துவது என்று கேட்பீர்கள். குத்த வேண்டாம், துண்டை முனையில் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். கொதித்த கறி சற்றே பொலபொலவென்று ஆகிவிடுகிறது என்பவர்களுக்கு இரண்டாவது வழி: முதலில் காயவைத்துவிட்டு, காய்ந்த கிருமிக்கு வேண்டிய கூடுதல் சூடாக, முன்கூட்டியே 135 டிகிரிக்குச் சூடேற்றிய அவன் அடுப்பில், ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பிப் பத்து நிமிடம். 6 மில்லிமீட்டருக்குள் அறுத்த துண்டுகளுக்கே இந்தப் பத்து நிமிடக் கணக்கு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். மெல்லும் சுகம் கெடுவதில்லை.

வீண் பயமென்று நினைக்காதீர்கள். 1995-இல் நியூ மெக்சிகோவில் மாட்டு ஜெர்க்கி தின்றவர்களுக்குச் சால்மோனெல்லா வந்தது. அதே ஆண்டு ஆரிகனில், வீட்டில் செய்த மான்கறி ஜெர்க்கியிலிருந்து ஈ.கோலை பரவியது. இரண்டாவதைச் செய்தவரும் ஆசையாகச் செய்து உறவுக்கும் நட்புக்கும் கொடுத்திருப்பார் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

கே: டீஹைட்ரேட்டர் வாங்கியே ஆகவேண்டுமா? (சிகாகோ, சிக்கனம்)

ப: வேண்டாம். அவன் அடுப்பையே குறைந்த சூட்டில் வைத்துக் கதவை ஒரு விரல்கடை திறந்து வையுங்கள். ஈரக் காற்று வெளியேற வேண்டும், அவ்வளவே. 54 முதல் 60 டிகிரி போதும். பல அவன்கள் 77-க்குக் கீழே இறங்காது. சூடு அதிகமானால் துண்டின் மேல்தோல் பட்டென்று இறுகி, உள்ளே ஈரம் சிறைப்படும். தொட்டால் காய்ந்ததுபோல் ஏமாற்றும், டப்பாவுக்குள் போனதும் வியர்க்கும்.

இன்னும் சிக்கனம் வேண்டுமென்றால், தொலைக்காட்சிச் சமையல்காரர் ஆல்டன் பிரவுன் காட்டிய வழி ஒன்று அங்கே பிரசித்தம். ஏ.சி.க்குப் போடும் காகித ஃபில்டர்களின் மடிப்புகளில் கறித்துண்டுகளை அடுக்கி, அந்த அடுக்கைச் சதுர மின்விசிறியோடு கட்டி, சூடே இல்லாமல் ஓடவிடுவது. மூளைக்காரர். ஆனால் அதில் சூடே இல்லை என்பதை மறக்காதீர்கள். மேலே சொன்ன 71 டிகிரிக்கு அங்கேயும் விதிவிலக்கு இல்லை. அந்த ஃபில்டரைத் திரும்ப ஏ.சி.யில் மாட்டாதீர்கள் என்றும் சொல்லிவைக்கிறேன். சிக்கனக்காரர்களை எனக்குத் தெரியும்.

கே: டெரியாக்கி, மெஸ்கீட் ருசியெல்லாம் அலுத்துவிட்டது. செட்டிநாட்டு ஜெர்க்கி வருமா? (ஹூஸ்டன்)

ப: ஏன் வராது? ஆனால் செட்டிநாட்டை அப்படியே கொண்டுவர முடியாது, வடிகட்டித்தான் கொண்டுவர வேண்டும். முதலில் கழியவேண்டியது எண்ணெய். அடுத்தது தேங்காய். இரண்டும் கொழுப்பு, இரண்டும் காறும். இஞ்சி பூண்டு விழுதைக் கெட்டியாக அப்பினால் அது தனியாக ஈரம் பிடித்து நேரத்தை இழுக்கும். பொடியாகப் போடுங்கள், அல்லது சாற்றை மட்டும் பிழிந்து விடுங்கள். மீதி இருப்பவை நல்ல கூட்டாளிகள்: மிளகு, சோம்பு, வறுத்த மல்லி, ஒரே ஒரு அன்னாசிப்பூ, காய்ந்த கறிவேப்பிலைப் பொடி, வற்றல் மிளகாய். புளிக்கரைசல் இங்கே தங்கம். புளிப்பு கறியை இளக்கும், குறைவான உப்பையும் தூக்கிக்காட்டும்.

அளவில்தான் கை தவறும். காயும்போது தண்ணீர் மட்டுமே போகிறது, உப்பும் காரமும் அங்கேயே இருக்கின்றன. நான்கு பங்கு கறி ஒரு பங்காகச் சுருங்கும்போது பச்சையில் ‘கொஞ்சம் தூக்கல்’ என்று தோன்றியது, காய்ந்தபின் கண்ணில் நீர் வரவைக்கும். குழம்புக்குப் போடும் கையோடு போடாதீர்கள். இனிப்புக்கும் இதே எச்சரிக்கை. வெல்லமோ தேனோ அதிகமானால் துண்டு காயாமல் பிசுபிசுக்கும், கடைசிச் சூட்டில் கருகும். இனிப்பில் முக்கியெடுத்த காய்ந்த கறிதான் வேண்டுமென்றால் சிங்கப்பூரின் பக்குவா இருக்கிறது. பன்றிக்கறித் தகடு, கரி அடுப்பில் வாட்டியது. சீனப் புத்தாண்டுக்கு முன் அதற்காகச் சைனாடவுனில் மணிக்கணக்கில் வரிசை நிற்கும்.

எனக்குப் பிடித்த பாடம் வட நைஜீரியாவிலிருந்து. ஹவுசா மக்களின் கிலிஷியில் கறியைக் காகிதத் தடிமனில் விரித்து முதலில் வெயிலில் காயவைக்கிறார்கள். பிறகுதான் வேர்க்கடலை விழுது, இஞ்சி, மிளகாய் சேர்ந்த மசாலாக் கலவை அதன்மேல் ஏறுகிறது. மறுபடி காயவைத்து, கடைசியாக நெருப்பில் வாட்டுகிறார்கள். கறி முதலில் காயட்டும், மசாலா பிறகு வரட்டும் என்கிற அந்த வரிசையைக் கவனியுங்கள். முடிவில் நெருப்பு வருவதையும் கவனியுங்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் 135 டிகிரி விஷயத்தை அவர்கள் தெர்மாமீட்டர் இல்லாமலே செய்துவந்திருக்கிறார்கள்.

கே: சமையல் குறிப்பில் ‘பிங்க் சால்ட்’ என்று போட்டிருக்கிறது. வீட்டில் இந்துப்பு இளஞ்சிவப்பாகத்தானே இருக்கிறது, அதைப் போடலாமா? (அட்லாண்டா)

ப: இந்தக் கேள்விக்கு மட்டும் சிரிக்காமல் பதில் சொல்கிறேன். இரண்டும் ஒன்றல்ல. அவர்கள் சொல்வது கறி பதப்படுத்தும் உப்பு. அதில் 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட். சாதாரண உப்பென்று யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே சாயம் ஏற்றியிருக்கிறார்கள். இரண்டேகால் கிலோ கறிக்குத் தலைதட்டிய ஒரே ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் விஷம். இந்துப்புக்குப் பதில் அதைப் போட்டால் ஆபத்து உங்களுக்கு. அதற்குப் பதில் இந்துப்பைப் போட்டால், நைட்ரைட் செய்யவேண்டிய காவல் வேலை நடக்காது. கறியை முறையாகச் சூடாக்கி, மெல்லியதாக அறுத்து, சீக்கிரம் தின்றுவிடப்போகிற வீட்டு ஜெர்க்கிக்கு அது இல்லாமலே சமாளிக்கலாம். வாங்கினால் மளிகை அலமாரியில் வைக்காதீர்கள். மாமியார் ரசத்தில் போட்டுவிடுவார்.

கே: தென்னாப்பிரிக்கர்கள் பில்டாங்கை அடுப்பில் காட்டுவதே இல்லையே. அவர்களெல்லாம் உயிரோடுதானே இருக்கிறார்கள்? (டர்பனில் வேலை பார்த்துத் திரும்பியவர்)

ப: நன்றாகவே இருக்கிறார்கள். பில்டாங் வேறு சாதி. விரல் தடிமனுக்கும் மேலான பட்டைகள், வினிகர், தாராளமான உப்பு, மிளகு, வறுத்து நொறுக்கிய மல்லி விதை, பிறகு காற்றில் பல நாள் தொங்கல். பழைய வழக்கப்படி குளிர்காலத்தில்தான் போடுவார்கள். அந்த உள்நாட்டு மேட்டுநிலத்தில் குளிர்காலம் வறண்டிருக்கும், ஈயும் குறைவு. உப்பு, புளிப்பு, வறண்ட காற்று மூன்றும் ஒன்றாக நின்று காக்கும் ஏற்பாடு அது. அதில் ஒன்றை மட்டும் பிய்த்துக்கொண்டுவந்து ஹூஸ்டன் புழுக்கத்தில் தொங்கவிட்டுவிட்டு பாரம்பரியம் என்று சொல்லக் கூடாது. மல்லி வாசத்துக்காக எனக்குப் பில்டாங்கின்மேல் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு.

கே: பெட்ரோல் பங்க்கில் கைப்பிடி ஜெர்க்கி இத்தனை டாலரா? கொள்ளை இல்லையா? (பீனிக்ஸ்)

ப: ஒரு பவுண்டு பச்சைக்கறி நான்கு அவுன்ஸாகச் சுருங்குகிறது என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. கால் பங்கு. மின்சாரம், ஆள், பொட்டலம் எல்லாம் அதற்கு மேல். கொள்ளைதான், ஆனால் கணக்கோடு செய்யும் கொள்ளை. லாபம் மணந்ததால் சாக்லேட் கம்பெனியான ஹெர்ஷி 2015-இல் கிரேவ் என்கிற ஜெர்க்கி நிறுவனத்தை வாங்கியது. 2020-இல் கைமாற்றிவிட்டது. சாக்லேட்டுக்காரர்களுக்கு மாடு பால் கொடுத்தால் போதும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

கே: காய்ந்த கறிக்காகச் சண்டை நடந்த வரலாறு உண்டா? (மதுரை, போட்டித் தேர்வு எழுதுபவர்)

ப: பாடத்திட்டத்தில் வராது, இருந்தாலும் கேளுங்கள். வட அமெரிக்கப் புல்வெளியின் பூர்வகுடிகள் காட்டெருமைக் கறியைக் காயவைத்து, இடித்துப் பொடியாக்கி, உருக்கிய கொழுப்பும் சில சமயம் பெர்ரிப் பழங்களும் சேர்த்துத் தோல்பையில் அடைப்பார்கள். பெமிக்கன் என்று பெயர். கொழுப்பு காறும் என்று மேலே நான் அடித்துச் சொன்னதற்கு நேர் எதிர்! இங்கே கொழுப்பைத் தனியே உருக்கி ஈரம் நீக்கிச் சேர்க்கிறார்கள், காற்றும் புகாமல் அடைக்கிறார்கள். தோல் வாணிகத்துக்குப் படகு வலித்தவர்களுக்கு அதுதான் எரிபொருள்.

1814 ஜனவரியில், இன்றைய வின்னிபெக் பக்கம் இருந்த செவ்வாற்றுக் குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மெக்டானல், தம் குடியேறிகள் பட்டினி கிடப்பார்களென்று பெமிக்கனை வெளியே கொண்டுபோகத் தடை போட்டார். அதை விற்றுப் பிழைத்த, பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்த வம்சத்தவரான மேட்டி மக்களுக்கும், அதை நம்பிப் படகு ஓட்டிய நார்த் வெஸ்ட் கம்பெனிக்கும் வயிற்றில் அடி. உரசல் முற்றி 1816 ஜூன் 19-இல் செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் துப்பாக்கி வெடித்தது. அப்போதைய ஆளுநர் ராபர்ட் செம்பிளும் அவருடைய ஆட்கள் இருபது பேரும் இறந்தார்கள். மேட்டி தரப்பில் ஒருவர். 1821-இல் நார்த் வெஸ்டும் அதன் எதிரியான ஹட்சன் பே கம்பெனியும் ஒன்றாகிவிட்டன. கம்பெனிகள் ராசியாகிவிடும். செத்தவர்கள்தாம் எழுந்துவர மாட்டார்கள்.

கே: இந்தியாவில் மாட்டுக்கறியைக் காயவைக்கும் வழக்கமே இல்லை, இதெல்லாம் வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்தது என்கிறார் நண்பர். சரியா? (கோவை)

ப: நண்பர் தம் தெருவைத் தாண்டிப் போனதில்லை. மராத்வாடாவின் மகார், மாங் மக்கள் மாட்டுக்கறியைக் கீற்றாக அறுத்து வெயிலில் காயவைத்துச் சேமிப்பார்கள். சான்யா என்று பெயர். ஒரு மாடு கிடைத்தால் அதைப் பல நாளைக்கு நீட்டியாக வேண்டிய வீடுகளின் சமையல் அது. ஷாஹு பாட்டோளே இந்தச் சமையலை 2015-இல் மராத்தியில் புத்தகமாக எழுதினார், 2024-இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. கேரளத்தில் உணக்க இறைச்சி இருக்கிறது. சமையல் புத்தகங்களில் ஒன்று இல்லை என்றால், அந்த வீட்டுக்காரர்களை யாரும் எழுதச் சொல்லவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள்.

கே: பதம் பார்ப்பது எப்படி? எத்தனை நாள் வைக்கலாம்? (சியாட்டில்)

ப: ஒரு துண்டை எடுத்து ஆறவிடுங்கள். சூட்டில் எல்லாமே வளையும், ஏமாறாதீர்கள். ஆறியதை வளைத்தால் வெடிப்பு விட வேண்டும், ஒடியக் கூடாது. ஒடிந்தால் அதிகம் காய்ந்துவிட்டது, வெடிப்பே விடாவிட்டால் இன்னும் ஈரம். கடைப் பொட்டலம் ஓராண்டு கிடக்கும். வீட்டுச் சரக்கை இரண்டு வாரத்துக்கு மேல் வெளியே வைக்க நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு ஃப்ரிட்ஜ், நாள் கூடினால் ஃப்ரீசர். இந்தக் கேள்வியை ஏட்டில்தான் கேட்கிறோம். காலேஜ் பையன்கள் இருக்கும் வீட்டில் அது வெள்ளிக்கிழமையைத் தாண்டாது.

கே: முழுக்கப் புரதம்தானே, ஜிம்முக்குப் போகிறவன் தினமும் தின்னலாமா? (ஆஸ்டின்)

ப: 28 கிராம் ஜெர்க்கியில் ஒன்பது பத்து கிராம் புரதம் உண்டு, உண்மை. கூடவே அரை கிராம் அளவுக்குச் சோடியமும் வரும். நாளொன்றுக்கு இரண்டு கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தபோது, எடுத்துக்காட்டுப் பட்டியலில் ஜெர்க்கியையும் பில்டாங்கையும் சேர்த்தே சொன்னது. மலையேறும்போது தின்னுங்கள். சோபாவில் ஏறுவதற்கு வேண்டாம்.

கே: என் நாய் பக்கத்திலேயே உட்கார்ந்து ஏங்குகிறது. ஒரு துண்டு? (பாஸ்டன்)

ப: கூடாது. வெங்காயப்பொடியும் பூண்டுப்பொடியும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மசாலா படாத கறியில் கொஞ்சம் தனியே வேகவைத்துக் கொடுங்கள். ஏக்கம் அப்போதும் தீராது, அது நாயின் தொழில்.

கே: சைவத்தில் ஜெர்க்கி உண்டாமே? (மயிலாப்பூர்)

ப: காளானில், பலாக்காயில், சோயாவில் செய்கிறார்கள். உங்களுக்கு எதற்கு அது? மோர் மிளகாய் இருக்கிறது, சுண்டைக்காய் வற்றல் இருக்கிறது. காயவைக்கும் கலையில் மயிலாப்பூர் யாரிடமும் டியூஷன் போக வேண்டியதில்லை.

கே: பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். நானே செய்த ஜெர்க்கி ஒரு டப்பா அப்பாவுக்குக் கொண்டுவரலாமா? (மறுபடியும் டல்லஸ் புது மாப்பிள்ளை)

ப: அதற்குள் செய்தே முடித்துவிட்டீர்களா! கொண்டுவர முடியாது. மாட்டிறைச்சியை எந்த வடிவத்திலும் இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. விமான நிலையத்தில் அதிகாரியிடம் 71 டிகிரி பற்றி விளக்கம் கொடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். வேறு ஏதாவது வாங்கிவாருங்கள். பாதாம் பருப்பு மட்டும் வேண்டாம். அப்பாவின் ஃப்ரிட்ஜில் உங்கள் அக்கா போன வருடம் கொடுத்ததே இன்னும் பிரிக்காமல் இருக்கும்.